மாட்டின் முதுகில் உருகாத பனி

1

மார்கழியில் என் தங்கை லூர்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். எனக்குச் சாயங்காலம், அவளுக்கு மறுநாள் விடியற்காலை. அவள் இருப்பது கீழ்வேளூருக்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்த ஊரிலேயே. திரையில் அவளுடைய மூக்கும் இரண்டு கண்களும்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் மப்ளர்.

"அக்கா, குளிரு தாங்கல. பால் ஊத்திட்டு வர்றதுக்குள்ள காது ரெண்டும் அடைச்சுப் போவுது. நீ எப்படித்தான் அங்க இருக்கியோ?"

"அங்க எத்தனை டிகிரிடி?"

"இருபது இருக்கும்."

"இங்க முப்பது."

"முப்பதா? அப்ப நம்ம ஊரவிடச் சூடுதானே?"

"மைனஸ் முப்பதுடி."

மப்ளரை வாயிலிருந்து கீழே இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பிரிட்ஜுக்குள்ள இருக்கிற மாதிரியா?"

"பிரிட்ஜுக்குள்ள போயி உக்காந்தா குளிர் காயலாம்."

அவள் நம்பவில்லை. அக்காவுக்கு எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு என்பது அவள் எண்ணம். ஆனாலும் போனை வைக்கும் முன் உத்தரவு போட்டாள். "காத மூடிக்கக்கா. எல்லாம் காது வழியாத்தான் இறங்கும்."

நான் சிரித்தேன். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. குளிரும் பனியும் உடம்புக்குள் நுழைய காதைத் தவிர வேறு வாசல் கிடையாது. கால் வெறுங்காலாக இருக்கலாம், இடுப்பில் ஒற்றை வேட்டி இருக்கலாம், ஆனால் காதில் துண்டோ மப்ளரோ கட்டாமல் மார்கழியில் ஒருவரும் வயலுக்குப் போகமாட்டார்கள். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது லூர்து நாகப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கும் ஒரு மப்ளர் வாங்கிக் கொடுத்தாள். காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. இங்கே வந்து இறங்கிய முதல் குளிரிலேயே அதன் சாயம் வெளுத்துவிட்டது. புயலுக்குக் குடை பிடித்த கதைதான். அன்றிலிருந்து அது பெட்டியில் கிடந்தது.

எப்படித்தான் அங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பங்குனி பிறந்துவிட்டது. வெளியே இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. இப்போது பதில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், மானிடோபா என்ற மாகாணத்தில். மலைப் பிரதேசமா என்று ஊரில் கேட்பார்கள். மலைக்கு எங்கே போவது, ஒரு மேடு கூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், அதற்கு மேல் வானம், அவ்வளவுதான். முதன்முதலில் பார்த்தபோது என் வீட்டுக்காரர் அந்தோணி, "நம்ம ஊரு மாதிரியே இருக்கு ரோசி. வாய்க்கால்தான் இல்ல" என்றார். வந்தது ஆடி மாதம், இங்கே நல்ல கோடை. ஆடியில் யாருக்கும் எந்த ஊரும் அழகாகத்தான் தெரியும்.

அந்தோணிக்கு இங்கே ஒரு பெரிய பால் பண்ணையில் வேலை. அவருடைய அப்பா ஊரில் காலமெல்லாம் பண்ணையார் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். மகன் கடல் தாண்டி வந்தும் பிறத்தியார் மாட்டின் மடியைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி நானே கேலி செய்வேன். அவர் சிரித்துவிட்டு, "சொந்த மாடு, சொந்தத் தரையில நிக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்" என்பார். அந்த மனிதர் வேறு எதையும் கேட்டதில்லை.

போன கோடையில் அது நடந்தது. ஐந்து குளிர்காலத்தை டவுனில் அப்பார்ட்மெண்டில் ஓட்டிய பிறகு, ஒரு பழைய மரவீட்டையும் சிவப்புச் சாயம் அடித்த ஒரு மாட்டுக் கொட்டகையையும் சில ஏக்கர் நிலத்தையும் கடனில் வாங்கினோம். கையெழுத்துப் போட்டதும் ஆபீஸ் அம்மாள் எழுந்து நின்று, "வாழ்த்துகள், மிஸஸ் சவரிமுத்து" என்று கை கொடுத்தாள்.

சவரிமுத்து என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போதிருந்து எந்த ஆபீஸுக்குப் போனாலும் அது உன் கணவர் பெயரா, இல்லையென்றால் ஏன் இல்லை, கணவர் பெயர் ஏன் வேறு என்று ஒரு விசாரணை நடக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுக்கப் போனபோதும் அதே விசாரணைதான். ஆமாம், மஞ்சள் பஸ் ஓட்டுகிறேன், ஊரில் சைக்கிள் கூடச் சரியாக ஓட்டாத நான். பிள்ளைகளின் வாயில் முழுப் பெயர் நுழையாது. "குட் மார்னிங், மிஸ் சவரி" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். என் அப்பாவை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏய்" என்றால் போதும், கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். பெயரைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டோடு ரூபியையும் வாங்கினோம். சிவலை நிறத்தில் ஒரு ஜெர்சி கிடாரி, தலைச்சன் சினை. ரூபி என்பது எங்கள் மகள் ஜெனி வைத்த பெயர். துணைக்கு மூன்று செம்மறி ஆடு. கன்று தை மாதம் விழும் என்றார்கள். தை என்றால் ஊரில் அறுவடை, இங்கே குளிரின் உச்சம்.

டொராண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகன், அண்ணன், விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அங்க காட்டுல என்ன பண்றீங்க? இங்க கோயில் இருக்கு, கறிவேப்பிலை கிடைக்குது, நாலு தமிழ் முகத்தைப் பாக்கலாம். வந்துருங்க." உண்மையைச் சொன்னால் எனக்கும் போகத்தான் ஆசை. அதனால் அந்தோணியிடம் ஒரு பேச்சு பேசினேன்.

"இந்தக் குளிர ரூபியோட தாண்டிட்டோம்னா இங்கயே இருப்போம். அவளுக்கோ கன்னுக்கோ ஏதாவது ஆச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டு அண்ணன்கிட்ட போயிருவோம். சரியா?"

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

3

குளிர் வந்தது. டவுனில் பார்த்த குளிர் வேறு. அங்கே கட்டடமும் தெருவிளக்கும் நடுவில் நின்று அதை மறைத்துவிடும். இங்கே அதற்கும் நமக்கும் நடுவில் யாரும் இல்லை.

காலையில் கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக் குத்தும். கண் இமையில் ஈரம் பட்டால் இரண்டு இமையும் ஒட்டிக்கொள்ளும். பஸ் எஞ்சின் உறையாமல் இருக்க அதற்கு இரவெல்லாம் கரண்ட் ஒயரைச் சொருகி வைக்காவிட்டால் மறுநாள் அது அசையாது. பனிக்காற்று அடிக்கும் நாளில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது என்பதால், வீட்டு வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போய் வருவோம். ஒரு காலை பஸ்ஸைத் திருப்புகிறேன், சூரியனுக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு குட்டிச் சூரியன்கள் நிற்கின்றன. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பனித்துகளில் வெயில் பட்டால் அப்படித் தெரியுமாம், பின்னால் இருந்த பிள்ளைகள் அதைச் சட்டையே செய்யவில்லை. வானத்தில் மூன்று சூரியன் உதிக்கிற ஊரில் உட்கார்ந்து அவர்கள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். பயம் என்று சொல்ல முடியாது. மாதா தேர் தெருமுனையில் திரும்பி முதன்முதலாகக் கண்ணில் படும்போது நெஞ்சு ஒரு மாதிரி ஆகுமே, அதுதான்.

எங்களுக்குப் புயல் தெரியும். புயலுக்கு என்ன செய்வது என்றும் தெரியும். தென்னையெல்லாம் சாய்ந்த அந்தப் புயலில் அந்தோணி வீட்டு மாட்டுக் கொட்டகையின் மேற்குப் பக்கத்துப் படுதா பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவர்களிடம் இருந்தது ஒரே மாடு, அவர் அப்பா கடைசிக் காலத்தில் வாங்கியது. நாள் முழுக்க மழையிலும் காற்றிலும் நின்று, நடுங்கி, மறுநாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. "காத்துதான் கொன்னுருச்சு" என்று அவர் அம்மா வருஷக்கணக்கில் புலம்பினார்கள். அப்போது அந்தோணி இங்கே இருந்தார். போனில் கேட்டுவிட்டு, பண்ணையில் மாட்டுக்கு நடுவில் நின்று அழுதாராம்.

அதனால் இந்தக் கொட்டகையை நாங்கள் எப்படி அடைத்திருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கோணி. அதன் மேல் பிளாஸ்டிக். கதவு இடுக்கில் என் பழைய சேலை. கூரையின் முகட்டில் நீளவாட்டத்தில் ஒரு திறப்பு இருந்தது. முன்னால் இருந்தவன் காசுக்கு யோசித்து மூடாமல் விட்டுவிட்டான் என்று திட்டிக்கொண்டே, அந்தோணி ஏணி வைத்து ஏறிப் படுதாவை அடித்து அதையும் அடைத்தார். பெரிய பண்ணையில் எல்லாம் மிஷின், காற்றைக் கூட ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அங்கே அவர் கற்றது இங்கே உதவவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அடுப்படி மாதிரி கதகதவென்று இருந்தது. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஜெனிக்குப் பதினான்கு வயது. கோடையில் ரூபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டே கிடந்தவள், மார்கழிக்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் "ஹோம்வொர்க்" என்பாள். ஒரு நாள் மட்டும் தனக்குத் தெரிந்த தமிழில், "உள்ள கண்ணு எரியுதும்மா" என்றாள். வேலைக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தோம். பிள்ளை நம் கையை விட்டுப் போகிறது, இனி மாடாவது கன்றாவது என்று எனக்குள் ஒரு கசப்பு.

தை பிறந்ததும் ரூபி இரும ஆரம்பித்தாள்.

4

மிளகும் பூண்டும் வெற்றிலையும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுப்பது ஊர் வழக்கம். வெற்றிலை கிடைக்கவில்லை. மிளகும் பூண்டும் கொடுத்தேன். வெந்நீர் காட்டினேன். கோணியைப் போர்த்தி, அதற்கு மேல் கம்பளியைப் போர்த்தினேன். இருமல் கூடிக்கொண்டே போனது. மாட்டு டாக்டர் தூரத்து டவுனில் இருந்தார். பாதை பனியில் மூடிக்கிடந்தது. போனில் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, பாதை திறந்ததும் வருகிறேன் என்றார். பண்ணையில் கேட்டு அந்தோணி மருந்தை வாங்கி வந்து போட்டார். அப்போதும் மூச்சு இழுத்தது. குளிர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, இருந்த ஒன்றிரண்டு ஓட்டையையும் தேடித் தேடி அடைத்தோம்.

படுக்கைக்குப் போட்ட வைக்கோல் போட்ட அன்றே சொதசொதவென்று ஆனது. இருந்ததெல்லாம் தீர்ந்துவிட, பக்கத்துப் பண்ணை கென்னிடம் கேட்கப் போனேன். கென்னுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். டிராக்டரில் வந்து எங்கள் வாசல் பனியைத் தள்ளிக் கொடுப்பவர். அவர் மாடுகள் திறந்த வெளியில், வரிசை மரங்களின் மறைவில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நாலு விரல் உயரத்துக்குப் பனி.

எனக்குப் பொறுக்கவில்லை. என்ன மனுஷன் இவன்? வேலிக்குள் கையை விட்டு, பக்கத்தில் நின்ற மாட்டின் முதுகிலிருந்த பனியைத் தட்டிவிடப் போனேன்.

"தட்டாதே, தட்டாதே" என்று ஓடி வந்தார் கென். "அது அவளோட கம்பளி."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றி, பனிக்கு அடியில், மயிருக்குள் விரல்களை நுழைத்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. சுத்தமாகக் காய்ந்திருந்தது. வெளியே மைனஸ் முப்பது, மேலே பனி, நடுவில் ஒரு விரல்கடை மயிர், அதற்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் ஒரு துளிகூட வெளியே கசியாததால்தான் முதுகில் கிடந்த பனி உருகாமல் நின்றது. கையை எடுக்க மனம் வரவில்லை. படைத்தவன் இதையும் யோசித்து வைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

வைக்கோலோடு வீட்டுக்கு வந்து, நேரே போய் ரூபியின் கம்பளிக்குள் கையை விட்டேன். சில்லென்று இருந்தது. மயிரெல்லாம் ஈரம்.

கென் மாட்டைப் பற்றி, ஜெனியும் கேட்டுக்கொண்டிருக்க, அந்தோணியிடம் சொன்னேன். "அது இங்கயே பொறந்து வளந்த கறி மாடு. இது ஜெர்சி. சினை வேற. வெளியில விட்டா ஒரு மணி நேரம் தாங்காது" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டொராண்டோ நினைவு வந்திருக்கும்.

5

மறுநாள் விடியற்காலை, பஸ் எடுக்கக் கிளம்பும் நேரத்தில் லூர்து கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே சாலையோரத்தில் குவித்துவைத்திருந்தார்கள். தை மாதத்தில் வரக்கூடாத மழை வந்து, குவியல் மேல் படுதா கிடந்தது. ஈரப்பதம் கூடிப்போனால் எடுக்கமாட்டார்களே என்று அவளுக்கு ஒரே கவலை. பாதிப் பேச்சில் திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! மழதான் விட்டுருச்சே, இன்னும் என்னத்துக்கு மூடி வெச்சிருக்கீங்க? படுதாவ எடுங்க! உள்ளயே வேத்துக் கொட்டி நெல்லு வெந்து போயிரும். காத்தாட விடுங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து, "மறுபடி தூறுனா?" என்று ஒரு குரல்.

"தூறுனா மூடிக்கலாம். இப்பத் தொறங்க!"

அவர் படுதாவை இழுக்கிறார். குவியலிலிருந்து ஆவி கிளம்புகிறது. படுதாவின் அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். இதை நான் எத்தனை தை மாதத்தில் பார்த்திருக்கிறேன், என் கையாலேயே எத்தனை படுதாவை இழுத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அண்ணாந்து பார்த்த எங்கள் கொட்டகையின் உள்கூரையும் அப்படித்தான் இருந்தது. முத்து முத்தாகத் தண்ணீர், ஓரத்தில் உறைந்த ஐஸ், சொட்டுச் சொட்டாக ரூபியின் முதுகில். ஒரு மாடும் மூன்று ஆடும் விடுகிற மூச்சு, மூத்திரத்தின் ஈரமும் நெடியும், எல்லாம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஈர நெல்லை மூடி வைக்கக்கூடாது என்று பிறந்ததிலிருந்து தெரிந்த நாங்கள் ஒரு சினைமாட்டை மூடி வைத்திருந்தோம்.

பஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். காற்று மோசமாக இருப்பதால் இன்று பள்ளியே இல்லை என்றார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், முதல் கோணியைப் பிடுங்கினேன்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "காத்து உள்ள வந்தா செத்துருவா. எங்க வீட்டு மாடு அப்படித்தான் செத்துச்சு."

"உங்க வீட்டு மாடு காத்துல சாவலங்க. நனைஞ்சுபோய்ச் செத்துச்சு."

அவர் கை தளர்ந்தது.

"இவளும் நனைஞ்சுதான் நிக்கிறா. தொட்டுப் பாருங்க. நாமதான் நனைச்சு வெச்சிருக்கோம்."

அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு முகட்டை அண்ணாந்து பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. ஏணியை எடுத்து வந்தார்.

காற்று அடிக்கும் பக்கத்துப் பலகையை அப்படியே விட்டோம். மறுபக்கத்து இடுக்குகளையும் முகட்டையும் திறந்தோம். கொட்டகையிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பிப் போனது. உள்ளே குளிர் இறங்கிக்கொண்டே இருந்தது. தப்பாகிவிட்டால் இந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? டொராண்டோவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தானே நான்? அன்றைக்கு அந்த ஆசை எங்கே போனது என்றே தெரியவில்லை. மாதாவே, இவளைக் காப்பாற்றிக் கொடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரக் கம்பளியை உருவிவிட்டு, துண்டால் துடைத்து, காய்ந்த வைக்கோலை முழங்கால் அளவுக்குக் கொட்டினோம்.

சாயங்காலம் ஜெனி வந்து வாசலில் நின்றாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இப்ப கண்ணு எரியல" என்று உள்ளே வந்து, ரூபியின் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை எங்களை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. அவளுக்குக் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

இருமல் உடனே நிற்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் மயிர் காய்ந்து சிலிர்த்து நின்றது. மூச்சு இழுப்பது குறைந்தது. ஒரு காலை, வெந்நீர் வாளியை நான் வைப்பதற்குள் முட்டித் தள்ளிவிட்டுக் குடித்தாள். முகமெல்லாம் நனைந்து, முட்டு வாங்கிய கையைத் தடவிக்கொண்டு நான் சிரித்தேன்.

6

கன்று விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். குளிர் அதிகம் என்று கோயிலில் பூசை இல்லை. "அம்மா, கால் வருது!" என்று ஜெனி கத்திய கத்தல் வீட்டுக்குள் கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் அந்தோணி சட்டைக் கையை மடக்கிக்கொண்டு மண்டியிட்டிருந்தார்.

கிடாரிக் கன்று. விழுந்த உடனே உடம்பு முழுவதிலிருந்தும் ஆவி கிளம்பியது. அந்தக் குளிரில், அந்த ஈரத்தோடு, ஒரு உயிர் எங்கள் கண் முன்னால் புகைந்துகொண்டு கிடந்தது. ரூபி நக்க, நாங்கள் மூன்று பேரும் வைக்கோலாலும் துண்டாலும் தேய்த்தோம். உடம்பு காய்ந்துகொண்டு வந்தது. ஜெனிதான் பார்த்தாள்.

"காது! காது ஐஸ் ஆகுதும்மா!"

தொட்டுப் பார்த்தேன். இரண்டு காதின் நுனியும் விறைத்துக்கொண்டிருந்தன. யோசிக்கவேயில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்தேன். காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. அந்தோணி அதை வாங்கி, எங்கள் ஊர் ஆட்கள் கட்டுகிற மாதிரியே தலையைச் சுற்றி, காது இரண்டையும் பொத்தி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டார்.

அந்தக் கோலத்தோடு அது எழுந்து நின்று, தடுமாறி, மடியைத் தேடிச் சீம்பாலைக் குடித்தது. அந்தோணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மீந்த சீம்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்து, வழக்கப்படி பக்கத்து வீட்டுக்கு, அதாவது மூன்று வயல் தள்ளி இருக்கும் கென் வீட்டுக்கு, கொண்டுபோனேன். அவர் அதைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு ஒரு வாய் தின்றார், பிறகு பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. கன்றைப் பார்க்க வந்தபோது மப்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இங்கே கன்றுக்குட்டிகளுக்கென்றே காதுறை விற்கிறார்களாம், குளிரில் முதலில் போவது காதுதானாம். "உங்க ஊர்ல இந்த மாதிரி பனியே கிடையாதே, உங்களுக்கு இது யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

லூர்துக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "நான் சொன்னப்ப நீ சிரிச்சல்ல? காது வழியாத்தான் இறங்கும்னு அந்தக் கண்ணுக்குட்டிக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள். கொள்முதல் நிலையத்தில் அவள் நெல்லையும் எடுத்துக்கொண்டார்களாம்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்தது. காற்று இல்லை. ரூபியையும் கன்றையும் முதன்முதலாக வெளியில் விட்டோம். கன்றுக்கு இன்னும் மப்ளர் இருந்தது. சற்று நேரத்தில் பூவாகப் பனி கொட்டத் தொடங்கியது. ரூபி அசையாமல் நின்றாள். அவள் முதுகில் பனி விழுந்தது, நின்றது, அதன் மேல் இன்னும் விழுந்தது. ஒரு துளி உருகவில்லை. நான் அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் கோணி போர்த்திப் பழகிய அவருடைய இன்னொரு கை, தானாக உயர்ந்து, அந்தப் பனியைத் தட்டிவிடப் போனது.

"அப்பா, தட்டாதீங்க" என்றாள் ஜெனி, தமிழில். "அது அவ கம்பளி."

மறுநாள் டொராண்டோ அண்ணன் கூப்பிட்டார். வீட்டை விற்க ஆள் பார்த்தாயிற்றா, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். வரவில்லை என்றேன். ஏன், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க மாட்டு முதுகுல பனி உருகாம நிக்குதுண்ணே" என்றேன்.